பலகை சொன்னது 40 நிமிடம், நின்றது 85 நிமிடம்: பூங்கா பொய் சொல்கிறதா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சென்ற கோடை விடுமுறையில் குடும்பத்தோடு ஒரு தீம் பார்க்குக்குப் போயிருக்கிறீர்கள். ரோலர் கோஸ்டர் வாசலில் இருந்த பலகை 40 நிமிடம் என்றது. வண்டியில் உட்காரும்போது 85 நிமிடம் ஆகியிருந்தது. அன்று மாலையே இன்னொரு சவாரிக்கு 60 நிமிடம் என்று போட்டிருந்தது. அரை மனதோடு நின்றீர்கள், 35 நிமிடத்தில் ஏற்றிவிட்டார்கள். இந்த எண்களை யார் போடுகிறார்கள், வேண்டுமென்றே பொய் சொல்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். டிசம்பர் கடைசி வாரத்தில் மனைவி, பெற்றோர், ஒன்பது வயது மகன், ஆறு வயது மகள் என்று எல்லோரையும் அழைத்துக்கொண்டு ஃப்ளோரிடாவில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குப் போகிறீர்கள். அப்பாவுக்கு முழங்கால் வலி. ஆக, எந்த எண்ணை எவ்வளவு நம்பி ஆறு பேரை வரிசையில் நிறுத்தலாம், வீட்டில் என்ன சொல்லி அழைத்துப் போகலாம் என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் படித்தவன். ஒரு பெரிய பூங்காவில் சவாரிகளை இயக்கும் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தேன். அங்கே என் வேலையில் பெரும்பகுதி வரிசைக் கணக்குதான். டிஸ்னியில் வேலை பார்த்ததில்லை. அங்கே போய் நின்றிருக்கிறேன், தொழிலில் இருக்கும் எல்லோரையும் போல அவர்களுடைய முறைகளைக் கூர்ந்து பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். நீர்ச்சறுக்குகள் எனக்குப் பழக்கமில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த எண் கடிகாரத்தைப் பார்த்து எழுதியதும் அல்ல. இந்த நிமிடம் வரிசையில் சேர்கிறவர் எப்போது ஏறுவார் என்று ஒரு மேற்பார்வையாளரோ ஒரு கணினியோ போட்ட உத்தேசம் அது. உத்தேசத்துக்குப் பின்னால் இருக்கும் கணக்கு ஆறாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடியது: உங்களுக்கு முன்னால் நிற்பவர்களின் எண்ணிக்கையை, மணிக்கு எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்ற எண்ணால் வகுக்க வேண்டும். 600 பேர் முன்னால் நிற்கிறார்கள், சவாரி மணிக்கு 1,200 பேரை ஏற்றுகிறது என்றால் அரை மணி நேரம். இதை விதியாக 1961-இல் ஜான் லிட்டில் நிரூபித்தார். வரிசை எப்படிப்பட்டதாக இருந்தாலும், நீண்ட நேரச் சராசரியில் அது பொய்ப்பதில்லை. பொய்ப்பதெல்லாம் அதில் நாம் போடும் இரண்டு எண்கள்.

முதல் எண், தலைகளின் எண்ணிக்கை. பழைய முறை, தூண்களில் அடையாளம் வைத்துக்கொள்வது: வரிசையின் வால் இந்தத் தூண்வரை வந்தால் 30 நிமிடம், அந்த வளைவைத் தாண்டினால் 45. டிஸ்னி பூங்காக்களில் இன்னொரு முறையும் உண்டு. வாசலில் நிற்கும் பணியாளர் யாராவது ஒரு பார்வையாளரின் கழுத்தில் ஒரு சிவப்பு அட்டையை மாட்டிவிடுவார்; ஏறும் இடத்தில் அதைத் திருப்பிக் கொடுக்கும்போது எவ்வளவு நேரம் ஆனது என்று பதிவாகும். நல்ல அளவீடுதான், ஆனால் பழைய அளவீடு. அட்டை 40 நிமிடம் நடந்து மேலே போய்ச் சேரும்போது, அது 40 நிமிடத்துக்கு முன்னால் வந்தவரின் கதையைத்தான் சொல்கிறது. இடையில் ஒரு நிகழ்ச்சி முடிந்து ஐந்நூறு பேர் வந்து சேர்ந்திருந்தால் அட்டைக்கு அது தெரியாது. இப்போது கேமராக்களும் உணர்கருவிகளும் வந்து இந்தப் பிழையைக் குறைத்திருக்கின்றன. உங்கள் பிள்ளைகளிடம் அந்த அட்டையை நீட்டினால் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்; நிற்கும் நேரத்தில் ஒரு பொறுப்பு கிடைத்த மாதிரி இருக்கும்.

இரண்டாவது எண்தான் உண்மையான விஷமி. மணிக்கு எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பது சவாரியின் தகட்டில் பொறித்த எண் அல்ல. ஒவ்வொரு நிமிடமும் நிலையத்தில் தீர்மானமாகிற விஷயம். வண்டி வந்து நிற்கிறது. கம்பிகள் விடுபடுகின்றன. ஒரு பக்கம் இறங்குகிறார்கள், மறுபக்கம் கதவுகள் திறக்கின்றன. 24 பேர் உட்கார வேண்டும், பையை வைக்க வேண்டும், மடிமேல் கம்பியை இழுத்துக்கொள்ள வேண்டும். பணியாளர் ஒவ்வொரு கம்பியையும் அழுத்திப் பார்த்து, இழுத்துப் பார்த்து, கடைசி இருக்கை முடிந்ததும் கட்டை விரலை உயர்த்துவார். இயக்குமேசையில் இருப்பவரும் நடைமேடையில் இருப்பவரும் தத்தம் பொத்தான்களை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் வண்டி நகரும். இதெல்லாம் 60 நொடிக்குள் முடிந்தால் மணிக்கு 1,440 பேர். ஒருவர் துப்பட்டாவை முடிந்துகொள்ள வேண்டியிருக்கிறது, ஒருவர் கழற்றிய செருப்பை எங்கே வைப்பது என்று கேட்கிறார், ஒருவர் இடுப்புப்பையைக் கழற்ற மறந்ததால் கம்பி பூட்டிக்கொள்ளவில்லை என்று 90 நொடி ஆனால் 960 பேர். யாரும் தப்பு செய்யவில்லை, எதுவும் பழுதாகவில்லை, மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது. வாசலில் இருக்கும் பலகைக்கு இது தாமதமாகத்தான் தெரியவரும்.

இதை வெளியிலிருந்தே நீங்கள் கண்டுபிடிக்கலாம். வரிசையில் சேருவதற்கு முன் இரண்டு நிமிடம் தள்ளி நின்று தண்டவாளத்தின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். சுற்றி முடித்த வண்டி நிலையத்துக்கு வெளியே பிரேக்கில் நின்று, உள்ளே இருக்கும் வண்டி கிளம்புவதற்காக ஒவ்வொரு முறையும் காத்துக்கொண்டிருந்தால், ஏற்றுவதில் தாமதம் ஆகிறது என்று பொருள். பலகையில் உள்ளதற்கு மேல் ஆகலாம். இன்னொன்று, வண்டிகளுக்குப் பெரும்பாலும் வேறு வேறு நிறமோ எண்ணோ இருக்கும். மூன்று முறை பார்த்தும் அதே சிவப்பு வண்டிதான் வருகிறது என்றால் ஒரே வண்டிதான் ஓடுகிறது. அப்படிப்பட்ட நாளில் வரிசை குட்டையாக இருந்தாலும் நம்பிவிடாதீர்கள்.

வரிசையின் நீளத்தைக் கண்ணால் அளந்து முடிவெடுப்பது அநேகமாக எல்லோரும் செய்வது. டிஸ்னி வேர்ல்டின் பூங்காக்களில் ஒன்றான மேஜிக் கிங்டத்தில் ஹான்டட் மேன்ஷன் என்ற சவாரியில் பெட்டிகள் நிற்பதே இல்லை; நகரும் நடைமேடையில் நடந்தபடியே ஏறிக்கொள்ள வேண்டும். மணிக்கு இரண்டாயிரம் பேருக்கு மேல் விழுங்கும். வரிசை பயமுறுத்துகிற மாதிரி வெளியே வரை வந்திருக்கும், ஆனால் கால் நிற்காமல் நடந்துகொண்டிருப்பீர்கள். அதே பூங்காவில் பீட்டர் பான் சவாரியின் கப்பல்களில் இரண்டு மூன்று பேர்தான் உட்கார முடியும். முன்னால் நிற்பவர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனாலும் ஒரு மணி நேரம் ஆகிவிடும். டம்போ யானை ராட்டினமும் இந்த ரகம்தான். அதனால்தான் 2012-இல் அதை இரண்டு ராட்டினங்களாக்கி, காத்திருக்கும் இடத்தைக் குழந்தைகள் விளையாடும் கூடாரமாக மாற்றினார்கள். அப்போது பெற்றோர் கையில் ஒரு அழைப்புக் கருவியைக் கொடுத்தார்கள், அது ஒலித்தால் போய் ஏறலாம். உங்கள் மகளுக்குப் பிடிக்கப்போகும் சவாரிகள் பெரும்பாலும் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறவை. பெரிய கோஸ்டருக்குத்தான் கூட்டம், சின்னச் சவாரிக்கு எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று நினைத்துத் திட்டம் போடாதீர்கள்.

60 என்று போட்டு 35-இல் ஏற்றியது பற்றி. பல பூங்காக்களில் பலகை எண் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். டிஸ்னியில் உண்மையான காத்திருப்பு பலகை எண்ணைவிடக் குறைவாகவே பெரும்பாலும் அமைகிறது என்பதைப் பல ஆண்டுகளாக நேரம் குறித்துவைத்த பார்வையாளர்கள் காட்டியிருக்கிறார்கள். காரணம் ஒன்றல்ல. 45 என்று போட்டு 60 ஆனால் சண்டைக்கு வருகிறவர், 75 என்று போட்டு 60 ஆனால் சிரித்துக்கொண்டே ஏறுவார். நின்றது என்னவோ அதே 60. அடுத்தது, எண் ஒரு மதகு மாதிரியும் வேலை செய்கிறது. இங்கே 90 என்று போட்டால் கொஞ்சம் பேர் எதிரே உள்ள நிகழ்ச்சிக்குப் போவார்கள். மூடும் நேரம் நெருங்கும்போது எண்ணைக் குறைக்கத் தயங்குவதும் உண்டு, ஏனென்றால் வரிசையில் கடைசியாக நிற்பவரையும் ஏற்றி அனுப்பிய பிறகுதான் பணியாளர்கள் வீட்டுக்குப் போக முடியும். இந்தப் பழக்கங்கள் தொழிலில் உண்டு என்று நிச்சயமாகச் சொல்வேன். ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு குறிப்பிட்ட பலகையில் எது வேலை செய்தது என்பதை வெளியில் இருந்து சொல்ல முடியாது. வேடிக்கைக்காக ஒன்று: டவர் ஆஃப் டெரர் சவாரியில் 13 நிமிடம் என்று போட்டிருந்தால் வரிசையே இல்லை என்று அர்த்தம். பேய்க் கட்டடத்துக்குப் பொருத்தமான எண்ணாம். அதைப் பார்த்தால் ஓடிப்போய் ஏறிவிடுங்கள்.

தூக்கலாகப் போடுகிற வழக்கம் இருந்தும் உங்களுக்கு 40 என்பது 85 ஆனது ஏன்? நீங்கள் எழுதியதில் ஒரு தடயம் இருக்கிறது. நடுவில் கால் மணி நேரம் வரிசை அசையவே இல்லை, பிறகு பக்கத்து வழியில் வந்தவர்களாகவே போய்க்கொண்டிருந்தார்கள் என்கிறீர்கள். சவாரி சிறிது நேரம் நின்றிருக்கிறது. அந்த நேரத்துக்குச் சீட்டு வைத்திருந்த முன்னுரிமைக்காரர்கள், அதாவது முன்பே நேரம் பிடித்துத் தனி வழியில் வருகிறவர்கள், எல்லோரும் மறுபடி ஓடத் தொடங்கியதும் சேர்ந்தாற்போல் வந்திருக்கிறார்கள். நின்ற 15 நிமிடத்தைவிட அவர்களுக்கு விட்டுக்கொடுத்த நேரம்தான் அதிகமாக இருந்திருக்கும். நேரில் பார்க்காததால் இது என் ஊகம்தான், ஆனால் இது மிகச் சாதாரணமாக நடப்பது.

முன்னுரிமை வழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், டிஸ்னியில் உங்கள் நாளைத் தீர்மானிக்கப்போவது அதுதான். 1999-இல் ஃபாஸ்ட்பாஸ் என்ற பெயரில் இலவசக் காகிதச் சீட்டாகத் தொடங்கியது. கோவிட் காலத்தில் நின்றது. 2021-இல் காசு கொடுத்தால்தான் என்று வேறு பெயரில் திரும்பியது. இப்போது லைட்னிங் லேன். நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், திருப்பதியில் 300 ரூபாய் டிக்கெட் வரிசையும் சர்வ தரிசன வரிசையும் சந்திக்கும் இடத்தைப் பார்த்தவர்களுக்கு எல்லாம் புரியும். இரண்டு வரிசைகளும் சேரும் இடத்தில் ஒரு பணியாளர் நின்று, இந்தப் பக்கம் இத்தனை பேர், அந்தப் பக்கம் இத்தனை பேர் என்று விடுவார். மணிக்கு 1,200 இருக்கைகளில் 800 முன்னுரிமைக்குப் போனால் பொது வரிசைக்கு மிஞ்சுவது 400. உங்களுக்கு முன்னால் 300 பேர்தான் நிற்கிறார்கள் என்று கணக்குப் போட்டால் கால் மணி நேரம் வரும். நடைமுறையில் முக்கால் மணி நேரம். இந்த வழியால் ஒரு இருக்கைகூடக் கூடுதலாக உண்டாவதில்லை என்பது மட்டும் உறுதி. ஒருவர் மிச்சம் பிடித்த நேரத்தை வேறொருவர் நின்று கழிக்கிறார். எந்தச் சவாரியில் எத்தனைக்கு எத்தனை என்ற விகிதம் மணிக்கு மணி மாறும். இணையத்தில் உலவும் விகிதங்களை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மெய்நிகர் வரிசை இதிலிருந்து வேறு. கைபேசியில் இடம் பிடித்துவிட்டு வெளியே சுற்றலாம், அழைப்பு வந்ததும் போகலாம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் வரிசையில் நிற்கும் ஆயிரம் பேரை வெளியே விட்டால் அந்த ஆயிரம் பேரும் எங்காவது நிற்கத்தானே வேண்டும்? அதே ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவில், டிஸ்னிக்குப் போட்டியான யுனிவர்சல் நிறுவனத்தின் வால்கேனோ பே நீர்ப் பூங்கா 2017 மே மாதம் திறந்தபோது எல்லோர் கையிலும் ஒரு பட்டையைக் கட்டி, முக்கியச் சவாரிகளின் வரிசையை அதற்குள் வைத்தார்கள். திறந்த புதிதில் பட்டை மணிக்கணக்கில் காத்திருக்கச் சொன்னது. ஒன்றுக்குப் பதிந்துவிட்டால் அது முடியும்வரை இன்னொன்றுக்குப் பதிய முடியாது. செயற்கை அலையிலும் மிதவை ஓடையிலும் எவ்வளவு நேரம்தான் கிடப்பது என்று வந்தவர்கள் நொந்துகொண்டார்கள். மெய்நிகர் வரிசை, வெளியே வேறு வேலை இருக்கும் இடத்தில்தான் எடுபடும். 2019 டிசம்பரில் டிஸ்னியின் ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸ் சவாரி திறந்தபோதும் இதையே செய்தார்கள். காலையில் பூங்கா திறந்த சிறிது நேரத்திலேயே குழு எண்கள் தீர்ந்துபோகும். அதில் கவனிக்கத்தக்கது, பிந்திய எண்களை ‘மாற்றுக் குழு’ என்று தனியாகப் பிரித்து, ஏறுவதற்கு உத்தரவாதம் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். நேர்மையான ஏற்பாடு என்பேன். அங்கே எந்தச் சவாரிக்கு மெய்நிகர் வரிசை இருக்கிறது என்பது மாறிக்கொண்டே இருக்கும். போகும் வாரத்தில் செயலியில் பாருங்கள்.

சவாரி பாதியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலான நிறுத்தங்கள் ஆபத்தால் வருவதல்ல: ஒரு உணர்கருவி சந்தேகப்படுகிறது, யாரோ வாந்தி எடுத்துவிட்டார்கள், கைபேசி தண்டவாளத்தில் விழுந்துவிட்டது. மின்னல் அருகில் வந்தால் வெளிப்புறச் சவாரிகள் எல்லாம் நிற்கும். ஃப்ளோரிடாவில் அது கோடைப் பிற்பகல்களின் அன்றாடத் தொல்லை, டிசம்பரில் குறைவு. ‘தொழில்நுட்பக் காரணம்’ என்ற அறிவிப்பில் இருந்து எதையும் ஊகிக்க முடியாது. கண்ணால் பாருங்கள். பயணிகளைப் படிக்கட்டு வழியாக இறக்கிக் கூட்டி வருகிறார்கள் என்றால் அது சீக்கிரம் தீராது, கிளம்பிவிடுங்கள். காலி வண்டிகள் சுற்றத் தொடங்கிவிட்டன என்றால் சோதனை ஓட்டம் நடக்கிறது, இன்னும் கொஞ்சம் நிற்கலாம். வரிசையில் இருப்பவர்களுக்குத் திரும்பி வருவதற்கான சீட்டு கொடுத்தால் யோசிக்காமல் வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

‘எப்போது ஓடும்’ என்று ஆபரேட்டரைப் போட்டு நெருக்க வேண்டாம் என்றும் சொல்வேன். 2015 ஜூன் 2 அன்று இங்கிலாந்தில் ஆல்டன் டவர்ஸ் பூங்காவின் தி ஸ்மைலர் கோஸ்டரில், பாதையில் முன்னால் ஒரு காலி வண்டி சிக்கி நின்றிருந்தது. ஆட்கள் இருந்த வண்டியைக் கட்டுப்பாட்டுக் கணினி சரியாகவே நிறுத்தி வைத்தது. கணினிதான் குழம்புகிறது என்று நினைத்த பணியாளர்கள் அந்தத் தடையை மீறி வண்டியை விட்டார்கள். மோதலில் 16 பேர் காயமடைந்தார்கள், இரண்டு இளம் பெண்கள் ஆளுக்கு ஒரு காலை இழந்தார்கள். அடுத்த ஆண்டு நீதிமன்றம் நிறுவனத்துக்கு 50 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. அதற்குப் பிறகு இந்தத் தொழிலில் யாரும் ‘கணினி சும்மா நிறுத்துகிறது’ என்று லேசாகச் சொல்வதில்லை. மணிக்கணக்கில் நிறுத்தி வைத்துச் சோதிக்கிற பூங்காவின் மேல் எனக்கு மதிப்புதான் கூடுகிறது.

இனி சந்தேகத்துக்கு உரியவை. எந்த நாள் கூட்டம் குறைவு என்று காட்டும் நாட்காட்டிகள் பரவலாகக் கிடைக்கின்றன. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரம் ஆண்டிலேயே நெரிசலான காலங்களில் ஒன்று என்பதில் சந்தேகமே இல்லை. அந்த வாரத்துக்குள் செவ்வாயா புதனா என்று துல்லியம் பேசும் கணிப்பை நான் பொருட்படுத்த மாட்டேன். ‘எல்லோரும் வலப்பக்கம் போவார்கள், நீங்கள் இடப்பக்கம் திரும்புங்கள்’ என்ற அறிவுரையும் அப்படித்தான். பூங்காவுக்குப் பூங்கா வாசல் அமைப்பு மாறும். பலகை எண்ணில் கால் பங்கைக் கழித்துக்கொள்ளலாம் என்று நான் வீட்டாருக்குச் சொல்வதுண்டு, அது அனுபவக் கணக்கு, விதி அல்ல. சவாரி நின்று மறுபடி தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்தில் அந்தக் கழிவும் செல்லாது.

வீட்டில் என்ன சொல்வது என்பதற்கு வருகிறேன். 1985-இல் டேவிட் மெய்ஸ்டர் என்ற ஆய்வாளர் காத்திருப்பின் உளவியல் பற்றி எழுதிய கட்டுரை இன்றும் எங்கள் தொழிலில் பாடம் மாதிரி. எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்ததைவிட நீளமாகத் தோன்றும். காரணம் சொல்லாத காத்திருப்பு, சொன்னதைவிட நீளம். அநியாயம் என்று பட்டது, நியாயமானதைவிட நீளம். கிடைக்கப்போவது பெரிது என்று நம்பினால் மட்டும் மனிதர்கள் எதற்கும் நிற்பார்கள். 2019 ஜூனில் யுனிவர்சலில் ஹாக்ரிட் மோட்டார்பைக் கோஸ்டர் திறந்த அன்று பலகை 10 மணி நேரம் வரை காட்டியது, அப்படியும் நின்றார்கள். உங்கள் மகனுக்கு ஆசை எது, மகளுக்கு ஆசை எது என்று ஆளுக்கு ஒன்றை, அம்மாவுக்கும் சேர்த்து, இப்போதே கேட்டு வையுங்கள். அந்த மூன்று மட்டும் கட்டாயம், மற்றதெல்லாம் கிடைத்தால் லாபம் என்று புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள். பதினைந்து சவாரி என்று நினைத்து வருகிற பிள்ளைக்கு ஏழு கிடைத்தால் அழுகை. மூன்று என்று நினைத்து வந்தால் அதே ஏழு கொண்டாட்டம். பூங்காக்காரர்கள் பலகையில் செய்வதை நீங்கள் வீட்டில் செய்கிறீர்கள், அவ்வளவுதான்.

பூங்காவில் இருக்கும் ஒரு நாளை எப்படிப் பிரிப்பது? திறக்கும் நேரத்துக்கு முக்கால் மணி நேரம் முன்பே வாசலில் இருங்கள். டிஸ்னி விடுதிகளில் தங்குபவர்களை அரை மணி நேரம் முன்னதாக உள்ளே விடுவார்கள். நீங்கள் வெளியே தங்கினால், முதலில் உள்ளே வருகிறவர் நீங்கள் அல்ல என்பதைக் கணக்கில் வையுங்கள். முதல் ஒரு மணி நேரத்தைப் பீட்டர் பான் மாதிரி மெல்ல ஏற்றும் சவாரிக்கும், மகன் கேட்ட கோஸ்டருக்கும் செலவிடுங்கள். உயரத்தை வீட்டிலேயே அளந்துவிடுங்கள்: அங்குள்ள ஸ்பேஸ் மௌண்டன் கோஸ்டருக்கு 44 அங்குலம் வேண்டும், ஆறு வயதுப் பிள்ளைகள் பலர் அந்தக் கோட்டில்தான் இழுபறியாக நிற்பார்கள். ஒரு மணி நேரம் நின்றுவிட்டு ஏறும் இடத்தில் திருப்பி அனுப்பினால் அதைவிடக் கொடுமை கிடையாது. மகள் ஏற முடியாத சவாரிக்கு ரைடர் ஸ்விட்ச் கேளுங்கள். ஒருவர் ஏறி வரும்வரை மற்றவர் குழந்தையோடு இருக்கலாம், பிறகு அவர் முழு வரிசையும் நிற்காமல் ஏறலாம். நடுப்பகலில் வரிசைகள் உச்சத்தில் இருக்கும்போது நிகழ்ச்சிகள், சாப்பாடு, முடிந்தால் அறைக்குப் போய் ஒரு தூக்கம். கண்ணாடிப் பாத்திரம் இல்லாமல் சொந்தச் சாப்பாடு கொண்டுபோக அனுமதி உண்டு, புளியோதரைக்குத் தடை இல்லை. இரவில் மூடும் நேரத்துக்குச் சற்று முன்பு வரிசையில் சேர்ந்துவிட்டால் ஏற்றித்தான் அனுப்புவார்கள். சலுகை மாதிரித் தோன்றினாலும் அங்கே அது வழக்கம்.

காசு கொடுத்து லைட்னிங் லேன் வாங்கலாமா என்றால், அந்த வாரத்தில், மேஜிக் கிங்டம் போகும் நாளுக்கு மட்டும் வாங்கிவிடுங்கள் என்பேன். குழந்தைகளுக்கான சவாரிகள் அங்கேதான் அதிகம், அவை மெல்ல ஏற்றுகிறவையும்கூட. விலை நாளுக்கு நாள் மாறும், நெரிசலான வாரத்தில் கூடுதலாகவே இருக்கும். 2024-இல் கொண்டுவந்த முறைப்படி விடுதியில் தங்குபவர்கள் ஏழு நாள் முன்பும் மற்றவர்கள் மூன்று நாள் முன்பும் நேரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அந்த நாள் காலையில் எழுந்து தேடினால் நல்ல நேரங்கள் போயிருக்கும். மற்றப் பூங்காக்களுக்கு அங்கே போன பிறகு முடிவு செய்தால் போதும்.

அப்பாவின் முழங்கால் பற்றி. டிஸ்னியில் வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கு என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது, ஆனால் 2024-இல் அதன் விதிகளை இறுக்கி, முக்கியமாக ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கு என்று ஆக்கிவிட்டார்கள். மூட்டு வலிக்கு அது கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். சக்கர நாற்காலி எடுத்துக்கொள்ளுங்கள். அதனால் காத்திருப்பு நேரம் பெரும்பாலும் குறையாது, ஏனென்றால் பல சவாரிகளில் நாற்காலியும் பொது வரிசை வழியாகவே போகும்படி அமைத்திருக்கிறார்கள். ஆனால் 60 நிமிடமும் அவர் உட்கார்ந்திருப்பார். நடக்க முடிகிற மனிதர் நாற்காலியில் உட்காரக் கூச்சப்படுவார், என் அப்பாவும் அப்படித்தான். பேரன் தள்ளிக்கொண்டு வரட்டும் என்று சொல்லிப் பாருங்கள். வாசலுக்கு அருகிலேயே வாடகைக்குக் கொடுப்பார்கள், முன்பதிவு இல்லை, முதலில் வருபவருக்குத்தான். நெரிசலான நாளில் தீர்ந்துபோவதுண்டு, அதனால் உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக அதை எடுத்துவிடுங்கள்.